கறுப்பு ஓரம்

டாக்டருக்குக் கேமராவைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை, படம் எடுப்பதைத் தவிர.

அவர் பல் டாக்டர். மாடியில் வீடு, கீழே கிளினிக். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவர் தூய ஒளிப்படக் கழகத்தின் தலைவர். ஃபிலிமில் எடுக்காத படம் படமே அல்ல என்பது கழகத்தின் ஒரே கொள்கை. டிஜிட்டல் என்ற சொல்லை யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுப்பவர் போல டாக்டர் ஒரு பார்வை பார்ப்பார். உறுப்பினர்கள் இருபத்திரண்டு பேர். கிளினிக்கின் காத்திருப்பு அறையில் கூடி, அவரவர் கேமராக்களை மேஜை மேல் வரிசையாக வைத்து, மாறி மாறித் தூக்கிப் பார்த்து, எடையைப் புகழ்ந்து, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் கலைந்து போவார்கள். யாராவது படம் எடுத்து வந்தீர்களா என்று கேட்பது அங்கே நாகரிகமில்லை.

அவருடைய தங்கைக்கு பாஸ்போர்ட் ஆபீசுக்கு எதிரே ஒரு ஸ்டூடியோவில் வேலை. ஒரு நாளைக்கு எழுபது முகம். பின்னால் வெள்ளைத் திரை. "காது ரெண்டும் தெரியணும், சிரிக்கக் கூடாது" என்று எழுபது தடவை சொல்ல வேண்டும். அங்கே இருப்பது கணினியோடு இணைத்த டிஜிட்டல் கேமரா. அதனால் அண்ணன் அவளைக் கழகத்தாரிடம் அறிமுகப்படுத்தும்போது "நம்ம பாப்பா, போட்டோ பிரிண்ட் போடுற இடத்துல இருக்கா" என்று சொல்வார். அவளுக்கு முப்பத்தாறு வயது.

அவள் ஒரு ஃபிலிம் கேமரா வாங்கப் போகிறாள் என்று தெரிந்ததும் கூப்பிடாமலே கூட வந்தார். பழைய கேமராக்களைப் பழுது பார்த்து விற்கும் கடை. காதில் எப்போதும் ஒரு திருப்புளியைச் செருகியிருப்பதால் கடைக்காரருக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. டாக்டர் உள்ளே நுழைந்ததும் கண்ணாடி அலமாரியில் பளபளவென்று இருந்த ஒரு வெள்ளிநிறக் கேமராவைச் சுட்டிக்காட்டி, தங்கையின் தேடல் முடிந்துவிட்டதாக அறிவித்தார். அதன் அடித்தகட்டில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் உரித்திருக்கவில்லை.

அவள் அதைக் கையில் வாங்கி, ஜன்னல் பக்கம் பிடித்து வ்யூஃபைண்டரில் பார்த்தாள். பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். அதில் தெரிவது ஃபிலிமில் விழுவதைவிடக் கொஞ்சம் குறைவு என்றாள். ஓரத்தில் என்ன வந்து நுழைகிறது என்று தெரியாமல் எடுக்க அவளுக்கு விருப்பமில்லை.

திருப்புளி மேஜையின் கீழ் அறையிலிருந்து வேறொன்றை எடுத்து வைத்தார். கறுப்பு. மூலைகளிலெல்லாம் பூச்சு உதிர்ந்து பித்தளை தெரிந்தது. ஒரு பத்திரிகை ஆபீசில் பதினைந்து வருஷம் அடிபட்ட தொழில்முறைக் கேமரா. அவள் பின்கதவைத் திறந்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஆயிரத்தில் ஒரு வினாடி வைத்து ஷட்டரைத் தட்டினாள். வெளிச்சம் முழுச் செவ்வகமாக மின்னிப் போனது. வெளிச்சம் புகாமல் தடுக்கும் கதவோரத்துப் பஞ்சை நகத்தால் அமுக்கிப் பார்த்தாள், பிசுபிசுக்கவில்லை. பிறகு ஒரு முழு வினாடி வைத்து, கேமராவைக் காதோடு சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளே சின்னப் பல்சக்கரங்கள் தடங்கலில்லாமல் ஓடி நின்றன.

"பாப்பா, கேமராவைக் கண்ணால பாக்கணும்" என்றார் டாக்டர்.

"காதால பாக்குறவங்க ரிப்பேருக்குத் திரும்பி வர்றதில்ல சார்" என்றார் திருப்புளி.

டாக்டர் முகம் சுளித்து, கடைக்கு வந்த வேறொருவருக்கு வெள்ளிநிறத்தின் மகத்துவத்தை விளக்கப் போய்விட்டார். அந்த நேரத்தில்தான் அவள் கேமராவின் உள்ளே, ஃபிலிமுக்கு முன்னால் இருக்கும் செவ்வகச் சட்டத்தின் விளிம்பில், அரத்தால் ராவிய இரண்டு சிறிய வெட்டுகளைப் பார்த்தாள். பழுதா என்று கேட்டாள். பழுதில்லை, அடையாளம் என்றார் திருப்புளி. அந்தப் பத்திரிகையில் ஒரே மாதிரி ஆறு கேமராக்கள். எது யார் எடுத்த படம் என்று தினமும் சண்டை. அதனால் முதல் கேமராவுக்கு ஒரு வெட்டு, இரண்டாவதுக்கு இரண்டு என்று ராவிவிட்டார்கள். அந்த வெட்டு வழியாகவும் வெளிச்சம் போய் ஃபிலிமில் விழும். அந்தக் கேமராவில் எடுக்கும் ஒவ்வொரு நெகட்டிவிலும் படத்தின் விளிம்பில் இரண்டு சின்னப் பல் முளைத்திருக்கும்.

அவள் அதை வாங்கினாள். வெள்ளிநிறக் கேமராவை டாக்டர் வாங்கினார். பிளாஸ்டிக் தாளை உரிக்கவில்லை.

ஃபிலிமைக் கழுவ அவளுக்கு இடமில்லை. அண்ணன் கிளினிக்கில், முன்னொரு காலத்தில் பல் எக்ஸ்ரே ஃபிலிம் கழுவிய இருட்டறை ஒன்று இருந்தது. அலமாரியைவிடக் கொஞ்சம் பெரியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் காலையில் பட்டறைகளைச் சுற்றுவாள். கடைசல் பட்டறை, டயருக்கு ரப்பர் ஒட்டும் இடம், பித்தளை வார்க்கும் கூடம். கண்ணில் படுபவரிடம் போய், வெளிச்சத்தை அளந்து, சுருளின் முப்பத்தாறு படங்களில் ஒன்றைச் செலவழிக்கலாமா வேண்டாமா என்று யோசித்து எடுப்பாள். மதியம் கழகம் கலைந்த பிறகு வந்து சுருளைக் கழுவித் தொங்கவிடுவாள். அது காய்வதற்குள் வீட்டுக்கு பஸ் பிடிக்க வேண்டியிருக்கும். "நீ போம்மா, நானே வெட்டி உறையில போட்டு வைக்கிறேன்" என்பார் அண்ணன். நெகட்டிவ்கள் அவருடைய இரும்புப் பெட்டியில் சேர்ந்தன. பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னால் ஒரு வாரம் தாள் சரியில்லை, மறு வாரம் காற்றில் ஈரம். நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் என்லார்ஜரைத் தொட அவளுக்கு அனுமதியில்லை. அது நுட்பமான கருவியாம். தினமும் எழுபது முகத்தை எடுத்து, அளந்து, வெட்டிக் கொடுக்கும் கை நுட்பத்துக்கு ஆகாது போலிருக்கிறது. இதையெல்லாம் அவள் இரண்டு வருஷம் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிறு அவள் வந்தபோது கழகம் இன்னும் கலையவில்லை. மாடிக்குப் போய் சமையலறையில் அண்ணியோடு உட்கார்ந்தாள். அண்ணிக்கு முன்பல் ஒன்று இல்லை. டாக்டர் மூன்று தடவை கட்டிய பல் மூன்று தடவையும் கழன்றுவிட்டது. நாலாவதைக் கட்டாமல், கழற்றி மாட்டுகிற மாதிரி செய்து கொடுத்திருந்தார். வெளியார் முன்னால் அது இல்லாமல் வாயைத் திறக்கக் கூடாது என்பது வீட்டு உத்தரவு. ஒரு பல் டாக்டரின் மானம் அந்த ஓட்டை வழியாகப் போய்விடுமாம். நாத்தனார் மட்டும் வந்தால் அண்ணி அதைக் கழற்றி டம்ளரில் போட்டுவிடுவார். கீழே டாக்டர் மௌனத்தின் அழகு பற்றி முக்கால் மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார். தங்கை அவர் குரலிலேயே, "நல்லா கடிங்க. இன்னும் கடிங்க. வலிச்சா சொல்லாதீங்க, நான் பேசிட்டிருக்கேன்" என்றாள். அண்ணி கையில் இருந்த கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார். வாயை மூட மறந்த சிரிப்பு. பின்னால் ஜன்னல் வெள்ளை வெளேரென்று இருந்தது. அவள் கேமராவைத் தூக்கினாள். அறுபதில் ஒரு வினாடி. ஒரே ஒரு தட்டல்.

நாலு மாதம் கழித்து நூலக மாடியில் கழகத்தின் கண்காட்சி. சனிக்கிழமை காலை. அவள் ஸ்டூடியோவில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, கேமராவைத் தோளில் மாட்டியபடி போனாள். எல்லாம் டாக்டரின் படங்கள், மொத்தம் பன்னிரண்டு. முதல் மூன்றில் மேஜை மேல் கேமரா. அடுத்த மூன்றில் மேஜை மேல் கேமராவின் நிழல். பிறகு கதவுத் தாழ்ப்பாள்கள். பன்னிரண்டாவது படம் மட்டும் ஆள் உயரம் இருந்தது. அதைச் சுற்றித்தான் கூட்டமே இருந்தது.

அண்ணி சிரித்துக்கொண்டிருந்தார்.

கீழே அட்டையில் "இன்மை - 4. ஓர் அநாமதேய உழைப்பாளிப் பெண். மூன்று மணி நேரக் காத்திருப்பு. ஒளிப்படம்: கழகத் தலைவர்" என்று இருந்தது.

படத்துக்குப் பக்கத்தில் வெள்ளிநிறக் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு டாக்டர் நின்றார். இரண்டடி தள்ளி, பட்டுப் புடவையில், பல்லை மாட்டி, வாயை இறுக்க மூடிக்கொண்டு அந்த அநாமதேய உழைப்பாளிப் பெண் நின்றார். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

தங்கைக்குக் காது இரண்டும் சுட்டன. படம் திருடு போனதுகூட அப்புறம்தான் உறைத்தது. வீட்டில் வாயைத் திறக்காதே என்று சொன்ன அதே ஓட்டையை, இங்கே ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, இன்மை என்று பெயரும் வைத்து, தானே கண்டுபிடித்த மாதிரி நிற்கிற மனுஷனைப் பார்த்து அவளுக்குப் பல்லை நறநறவென்று கடிக்கத் தோன்றியது.

படத்தின் முன்னால் ஒரு பதிப்பகத்தின் படப் பிரிவு ஆசிரியை நின்றார். நரைத்த கிராப்புத் தலை, கழுத்தில் கயிற்றில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி. பட்டறைத் தொழிலாளர்கள் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவரப் போகிறார்கள். ஒரு வருஷம் ஊர் ஊராகப் போய் எடுக்க ஆள் வேண்டும். மனிதர்களை இப்படி நெருங்கிப் பார்க்கிற ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருந்ததாகவும், கடிதம் பையில் தயாராக இருப்பதாகவும் அவர் சொன்னார். தங்கை பஸ்ஸில் உட்கார்ந்து ஏங்கிய வேலை அது. அவள் கண்ணெதிரே அது அண்ணன் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

டாக்டர் நேரமின்மை பற்றிக் கொஞ்சம் தயங்கி, கலைக்காகச் சம்மதித்து, தம் முறையை விளக்கத் தொடங்கினார். மற்றவர்கள் தாங்கள் எடுத்த படத்தின் ஓரங்களை வெட்டிச் சரிசெய்கிறார்கள். அவர் வெட்டுவதில்லை. நெகட்டிவ் முழுவதும், அதைச் சுற்றியுள்ள கறுப்பு ஓரம் உட்பட, அப்படியே பிரிண்ட் ஆக வேண்டும். அதற்காக என்லார்ஜரில் நெகட்டிவைப் பிடிக்கும் தகட்டைப் பல் ராவும் கருவியால் தாமே அகலப்படுத்தியிருக்கிறார். அந்தக் கறுப்பு ஓரம்தான் கலைஞனின் சத்தியம்.

தங்கை சத்தியத்தை அண்ணாந்து பார்த்தாள். மேல் ஓரத்தில், கறுப்புக்குள், ஜன்னல் வெளிச்சம் இரண்டு வெள்ளைப் பற்களாக நீட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணா, இது நான் எடுத்த படம்."

அவள் சத்தம் போடவில்லை. இருந்தாலும் தாழ்ப்பாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். டாக்டர் புன்னகைத்து, தங்கை உணர்ச்சிவசப்படுகிற சுபாவம், நம்ம வீட்டு விஷயம், சாயங்காலம் பேசலாம் என்று கூட்டத்துக்குச் சொன்னார். அவள் மேல் ஓரத்தைக் காட்டினாள். ஆசிரியை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மேலே ஏறி, கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

"வெட்டு போட்ட கேமரா" என்றார். "நானும் பத்திரிகையில இருந்தவதான். இதை எத்தனையோ பாத்திருக்கேன்."

அது என்லார்ஜர் தகட்டை ராவியபோது ஏற்பட்ட கரடு என்றார் டாக்டர்.

"தகட்டுக் கரடுன்னா கறுப்புக்கு வெளிப்பக்கம் தெரியும் டாக்டர். இது உள்பக்கத்துலேர்ந்து வருது. மத்த பதினொண்ணும் அதே என்லார்ஜர்தானே? அதுல பல்லைக் காணோமே?"

டாக்டர் ஒரு வினாடி வாயைத் திறந்தபடியே இருந்தார். அவருடைய நாற்காலியில் எத்தனையோ பேர் அப்படி உட்கார்ந்திருப்பார்கள். பிறகு, அந்தப் படத்தை மட்டும் கழுத்தில் இருக்கும் இந்தக் கேமராவில் எடுத்ததாகவும், வெட்டு இதில்தான் இருப்பதாகவும் சொன்னார்.

தங்கை தன் கேமராவை மேஜை மேல் வைத்தாள். உள்ளே இருபத்தொரு படம் எடுத்த சுருள் இருந்தது. கோபத்தில் கதவைத் திறந்தால் அத்தனையும் வெளிச்சம் பட்டு வீணாகிவிடும். அடிப்பொத்தானை அமுக்கி, கைப்பிடியை விரித்து, சுருளை நிதானமாகத் திரும்பச் சுற்றினாள். எல்லோரும் அந்தச் சுற்றலைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். சுருள் டப்பாவுக்குள் முழுதும் ஓடி, கைப்பிடி சட்டென்று இலேசானதும் கதவைத் திறந்தாள். ஆசிரியை குனிந்து பார்த்தார். இரண்டு வெட்டு.

"உங்களோடதையும் திறங்க" என்றார்.

"உள்ள ஃபிலிம் இருக்கு" என்றார் டாக்டர்.

கழகத்தார் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள். ஃபிலிம் இருக்கும் கேமராவைத் திறக்கச் சொல்வது, தொழுகிற இடத்தில் செருப்போடு நுழைவதற்குச் சமம் என்று செயலாளர் கொதித்தார். சுற்றிவிட்டுத் திறக்கலாமே என்று ஆசிரியை சொன்னதற்கு, பாதியில் நிறுத்தினால் படைப்பின் ஓட்டம் கெடும் என்று பதில் வந்தது.

அப்போது அண்ணி ஓரடி முன்னால் வந்தார். கணவரின் நெஞ்சில் தொங்கிய கேமராவின் கைப்பிடியை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினார். விளையாட்டுக் காற்றாடி மாதிரி அது இஷ்டத்துக்குச் சுற்றியது.

"ஃபிலிம் இருந்தா இது இறுகுமேங்க" என்றார். "சின்னவ எனக்குச் சொல்லிக் குடுத்திருக்கா." சொல்லிக்கொண்டே பின்கதவைத் திறந்துவிட்டார்.

கூட்டத்தில் இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். உள்ளே ஃபிலிம் இல்லை. வெட்டும் இல்லை. ஃபிலிம் அழுத்தும் தகட்டின் மேல் கம்பெனியில் வைத்த பாதுகாப்புத் தாள் இன்னும் இருந்தது. அந்தக் கேமராவுக்குள் இதுவரை ஒரு சுருள்கூடப் போனதில்லை.

இந்த இடத்தில் ஒரு திருட்டைக் கண்டித்திருக்க வேண்டும். கழகம் கதவு திறந்ததைக் கண்டித்தது. ஒருவேளை ஃபிலிம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று செயலாளர் நடுங்கிய குரலில் கேட்டார். தலைவரின் மனைவியே இப்படிச் செய்தால் கட்டுப்பாடு எப்படி நிலைக்கும் என்று இன்னொருவர் கேட்டார். அடுத்த ஞாயிறு கண்டனத் தீர்மானம் என்று முடிவானது. இதற்குள் டாக்டருக்கு மூச்சு வந்துவிட்டது. தங்கையின் திறமையை உலகம் தானாகக் கண்டுபிடிக்கிறதா என்று பார்ப்பதற்காகவே அந்தப் படத்தைத் தம் பெயரில் வைத்ததாகவும், சோதனை வெற்றி என்றும் அறிவித்தார். கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் அவளை எரித்த மாதிரி திருட்டுகூட எரிக்கவில்லை.

செயலாளர் பெருந்தன்மையோடு புது அட்டை எழுதிக் கொண்டுவந்தார். "ஒளிப்படம்: தலைவரின் தங்கை" என்று இருந்தது.

அவள் அதை இரண்டாகக் கிழித்து அவர் சட்டைப் பையிலேயே போட்டாள். பேனாவை வாங்கி, சுவரில் இருந்த அட்டையில் அண்ணனை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள். அநாமதேயப் பெண்ணை அடித்துவிட்டு அண்ணியின் பெயரை எழுதினாள். இன்மையின் மேல் பேனா நின்றது.

"இதுக்கு என்ன போட அண்ணி?"

"சமையக்கட்டு, பல் இல்லாம. அப்படியே போடு" என்றார் அண்ணி, வாயை நன்றாகத் திறந்து.

ஆசிரியை பையிலிருந்த கடிதத்தை எடுத்து, பார்த்து, மடித்து உள்ளே வைத்தார். ஒரு படத்தை நம்பி இன்றைக்கே ஒரு தப்பு செய்ய இருந்தேன், இன்னொன்றும் செய்ய மாட்டேன் என்றார். "ஒரு நல்ல படம் யாருக்கும் விழும்மா. எனக்கு முழுச் சுருள்கள் வேணும். நல்லது, கெட்டது எல்லாம். திங்கக்கிழமை காலையில கொண்டு வா."

சுருள்கள் எல்லாம் அண்ணனின் இரும்புப் பெட்டியில் இருந்தன. அவள் அவரிடம் போய்க் கையை நீட்டினாள்.

"சாவி."

"சாயங்காலம் வீட்டுல பேசிக்கலாம் பாப்பா."

"சாவியைக் குடுண்ணா. இல்லேன்னா இங்கேயே பேசலாம். எனக்கு இன்னும் நிறைய இருக்கு பேச."

டாக்டர் கூட்டத்தைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து கொத்தை எடுத்து, அவள் கையில் வைக்காமல் மேஜையில் வைத்தார். அவள் அனுமதி வாங்கிய ஒரு மணி நேரத்தில் பாதி முடிந்திருந்தது. ஸ்டூடியோவுக்கு போன் செய்து, இன்றைக்கு வர முடியாது, சிரிக்காதவர்களை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று சொன்னாள். அண்ணியும் கூட நடந்தார்.

கிளினிக்கில் இரும்புப் பெட்டியைத் திறந்தபோது, ஒரு சுருளும் குறையாமல் இருந்தது. வெட்டி, உறையில் போட்டு, தேதிப்படி அடுக்கி, அவ்வளவு ஒழுங்கு. ஒவ்வொரு உறையிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. கடைசல் பட்டறை, டாக்டர். டயர்க் கடை, டாக்டர். பித்தளை வார்க்கும் கூடம், முதல் வரிசை, டாக்டர். அழகான கையெழுத்து. மருந்துச் சீட்டில்கூட அவர் அவ்வளவு தெளிவாக எழுதியதில்லை. நாற்பத்து மூன்று உறை. ஒரு படத்துக்கு ஆசைப்பட்டு கை நீண்டுவிட்டது என்று வழியெல்லாம் அவள் தனக்குள் சொல்லிப் பார்த்த சமாதானம் அதோடு செத்தது.

அவள் நோயாளிகள் சாய்கிற நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். அண்ணி மேலே தொங்கிய விளக்கைப் போட்டு, சரியாக உறை மேல் விழும்படி இழுத்துப் பிடித்தார். தங்கை தட்டில் இருந்த கருவிகளில் கூர்மையான கொக்கி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முதல் சீட்டின் மூலையில் குத்தி, நெம்பினாள். பசை நல்ல பசை. லேசில் வரவில்லை. உறை கிழியாமல், சீட்டு மட்டும் வர வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பினாள்.

ஏழாவது சீட்டு வரும்போது, வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, டாக்டர் இருக்காரா என்று கேட்டார்.

"பேசிட்டிருக்காரு" என்றார் அண்ணி, விளக்கிலிருந்து கையை எடுக்காமல். "வர நேரமாகும். நீங்க வேற டாக்டரைப் பாத்துக்குங்க."

அவள் எட்டாவது உறையை எடுத்தாள்.